உம் கொட்டியவள்

நம்பினால் நம்புங்கள். இல்லையென்றால் என்னைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். இது எனக்கு நடந்தது. பேய் என்றாலே கேலி செய்கிற ஆள் நான், செல்வின். திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்த மளிகைக் கடையில் வேலை. கடைக்கு மேலேயே வாடகை வீடு.

என் மனைவி ஜெபமலருக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் கரு கலைந்துபோனதால், இந்த முறை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொழுது போக வேண்டுமே... அந்தக் காலத்து ராணிகளின் வாழ்க்கை வரலாறுகளை நூலகத்திலிருந்து கொண்டுவந்து தினமும் வாசித்துக் காட்டினேன். "பொம்பளப் பிள்ளையானா அவங்கள மாதிரி பேடி, பயம் இல்லாம வளரட்டும்" என்பாள். அவள் உம் கொட்ட வேண்டும். இல்லையென்றால் நிறுத்திவிடுவேன்.

அன்று பேய்மழை. ஏழு பத்துக்குக் கரண்ட் போனது. போன் வெளிச்சம் அவள் கண்ணில் படாமலிருக்க, முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசித்தேன். காகதீய ராணி ருத்ரமாதேவி. ஆண் உடையில் அரசாண்டவள். எதிர்த்தவர்களை அடக்கியவள். எனக்கே சிலிர்த்தது.

ஒவ்வொரு வரிக்கும் "உம்..." வந்தது. குரல் கொஞ்சம் கட்டையாக இருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ராணி போர்க்களத்தில் சாகிற பக்கம் வந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு அதை வாசிக்க மனம் வரவில்லை. நிறுத்தினேன்.

"உம்..."

நான் எதுவும் வாசிக்கவில்லையே!

"உம்... உம்..."

"ஜெபா?"

"உம்..."

"விளையாடாத."

போனைத் திருப்பினேன்.

ஜெபமலரின் கண்கள் திறந்திருந்தன. என்னையே பார்த்தன. வாய் இறுக மூடியிருந்தது. விரிப்பெல்லாம் ரத்தம்.

"உம்..."

அவள் உதடு அசையவில்லை.

அலறினேன். கீழே கடையிலிருந்து, என்னோடு வேலை பார்க்கும் சுஜின் ஓடி வந்தான். இருவருமாக அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். உடனே ஆபரேஷன். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். ஜெபமலரும் மறுபிழைப்புப் பிழைத்தாள்.

மூன்றாம் நாள்தான் அவளால் பேச முடிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"வலி வந்த உடனே என்னைய ஒரு விளி விளிச்சிருக்கலாம்லா?"



"எப்பிடி விளிக்க? தலைமாட்டுல ஒருத்தி இருந்தாள்லா... என் வாயைப் பொத்திக்கிட்டு, அவதான உங்களுக்கு உம் கொட்டினா."