துலாவில் பாதி வழி

அக்காவை மணந்து எங்கள் வீட்டோடு வந்திருந்த அத்தானை நான் நம்பவில்லை. அறுபதுகளின் தொடக்கம். மருதனார்மடத்திலிருந்து பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிவந்தேன். கண்டதைக் குறித்துக்கொள்வது பழக்கமாகியிருந்தது.

அவர் ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்து எழும்பினார். சந்தேகம் அதன்பின் தொடங்கியது. புகையிலைக்கு நீர் இறைக்கும்போது கிணற்றுத் துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பவர் அவர்; கீழே பனையோலை வாளியான பட்டையைப் பிடித்து நீரைச் சரிப்பது நான். முன்பெல்லாம் வெயில் ஏறும்வரை இறங்கமாட்டார். இப்போது இருபது பட்டை இறைப்பதற்குள் நின்றுவிட்டார்.

"என்ன அத்தான், காய்ச்சல் விட்டு ரெண்டு கிழமையாச்சே?"

"ஓம் மச்சான். ஏனோ ஏலாமக் கிடக்கு."

அடுப்படியில் அம்மா குரலைத் தணித்தார். "தோட்டம் செய்ய விருப்பமில்லைப் போலை. சீதனக் காணியை வித்துப்போட்டுக் கடை போடப் பாக்கிறாரோ தெரியாது. நீ ஒருக்காக் கவனி."

கவனித்துக் கொப்பியில் எழுதினேன். பத்தொன்பதாம் பட்டையில் நின்றார். கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வருமுன் இரண்டு தடவை குந்தினார். படுப்பதில்லை, சுவரில் சாய்ந்தே தூங்குகிறார். செருப்பு வார் காலில் பதிந்திருக்கிறது.

நடிப்பை வெளிப்படுத்தவென்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "எப்ப தொடக்கம்?" என்று டாக்குத்தர் கேட்டதற்கு அத்தான் மழுப்பினார். நான் கொப்பியை வாசித்தேன். டாக்குத்தர் அத்தானின் கணுக்காலை விரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"காய்ச்சல் இதயத் தசையிலை அழற்சியை விட்டிட்டுப் போயிருக்கு. தசை சோர்ந்துபோச்சு, இரத்தத்தை முழுக்கத் தள்ள ஏலாது. தேங்கிறது சுவாசப்பையிலை நீராய்ச் சேருது, அதுதான் படுத்தா மூச்சு முட்டுது. காலும் வீங்குது. இன்னும் துலா மிதிக்கிறாரோ?"

"ஓம். இண்டைக்குக் காலமையும்."

"இனி ஏத்தினா ஆள் மிஞ்சாது."

மூன்று மாதம் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார். அம்மாவின் சந்தேகம் ஓயவில்லை, இடம்தான் மாறி நோயின்மேல் விழுந்தது: "கலியாணத்துக்கு முந்தியே இருந்த வருத்தமோ?"

துலா எனக்கு வந்தது. கூலியாள் பட்டையைப் பிடித்தார். நான்காம் மாதம் ஒரு காலை, பாதியில் மூச்சு வாங்கி நின்றேன். கிணற்றடிச் சாய்மனைக் கதிரையில் அத்தான் சாய்ந்திருந்தார். வீக்கம் வடிந்த கால்களை நீட்டியபடி என்னைப் பார்த்தார்.

"பதினேழாம் பட்டை," என்றார். "மச்சான், உந்தக் கொப்பியை ஒருக்காத் தாரும். வேலைக் கள்ளனைப் பிடிச்சிட்டன்."