துப்பாமல் குடித்த கோப்பை

தேயிலைக் கம்பெனியில் அவருக்குப் பெயரே 'நாக்கு'தான். சுவை பார்ப்பது உத்தியோகம். காலையில் நீள மேஜை மீது நூற்றைம்பது கோப்பைகளை வரிசையாக வைப்பார்கள். கரண்டியில் எடுத்து, அடுத்த அறைக்குக் கேட்கும்படி உர்ரென்று உறிஞ்சுவார். வாய்க்குள் சுழற்றுவார். தொட்டியில் துப்புவார். "இலை கூடுதலா வாடிடுச்சு" என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான், முதலாளியே எதிர்த்துப் பேச மாட்டார். அதனால் தலைக்கனம் ஏறியிருந்ததா என்றால், தலையில் இடம் போதாமல் நாக்குக்கும் இறங்கியிருந்தது. நாக்கு கெட்டுவிடுமாம், வீட்டில் வெங்காயம் கிடையாது, காரம் கிடையாது. ஒருவர் நாக்குக்காக மொத்தக் குடும்பமும் பத்தியம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஐந்து வயது மகள் கூடத்தில் பாயை விரித்து பிளாஸ்டிக் கோப்பைகளைப் பரப்பினாள். விருந்துக்குக் கரடியும், ஒரு கை போன பொம்மையும், அப்பாவும் வந்திருந்தார்கள். காலிக் கெட்டிலைச் சாய்த்து ஊற்றினாள்.

"குடிங்கப்பா. சூடா இருக்கு, பாத்து."

பழக்க தோஷம் யாரை விட்டது? வெறும் காற்றை உறிஞ்சி, கண்ணை மூடி யோசித்து, கரடியின் பக்கம் திரும்பித் துப்பினார்.

"கொஞ்சம் புகை வாடை அடிக்குதேம்மா."

அவள் முகம் சுளிக்காமல் வேறு டீ போட்டு வந்தாள். "துவர்ப்பு பத்தல" என்றார். மூன்றாவது கோப்பைக்கு, "ஆறிப்போச்சு."

இல்லாத டீயில் மூன்று குறை கண்ட மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மகள் கோப்பையை வெடுக்கென்று பிடுங்கினாள். "கரடிக்குப் பிடிச்சிருக்கு. நீங்க எழுந்து போங்க. உங்களுக்கு டீ குடிக்கவே தெரியல!"

இருபது வருட அனுபவம் வாலைச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் போனது. பேப்பரை விரித்தார், ஓர் எழுத்தும் ஏறவில்லை. கூடத்தில் அவர் இடத்தில் மனைவி உட்கார்ந்து, "ஆகா, அமிர்தமா இருக்குடி!" என்று கொஞ்சுவது கேட்டது. பொறுக்கவில்லை. அறை வாசலில் வந்து நின்றார்.

"எனக்கும் இடம் இருக்கா?"

"துப்பக் கூடாது. குறை சொல்லக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

இந்தத் தடவை கோப்பை கனத்தது. உள்ளே நிஜமாகவே ஏதோ செம்பழுப்பாக இருந்தது. முதல் வாயிலேயே நாக்குக்கு விளங்கிவிட்டது. வர்ணம் தீட்டிய தூரிகையைக் கழுவிய தண்ணீர். காவி தூக்கல், பின்னால் கொஞ்சம் பச்சை, அடியில் ஒரு தூரிகை முடி. கண் தானாகத் தொட்டியைத் தேடியது. எதிரே மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மடக்கென்று விழுங்கினார். "பிரமாதம்மா."

"இன்னும் கொஞ்சம்?"

"ஊத்தும்மா."

இரண்டாவதும் இறங்கிய பிறகுதான் மகள் தூரிகை கழுவும் ஜாடி ஜன்னலோரம் காலியாக இருப்பதை மனைவி கவனித்தாள். "ஐயையோ, பெயிண்ட் கழுவின தண்ணியாச்சே! தெரியலையா உங்களுக்கு?"

"முதல் வாய்லயே தெரிஞ்சுது."

மனைவி இடுப்பில் கை வைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒன்பது வருஷமா நான் நிஜ டீ போடுறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த 'பிரமாதம்' உங்க வாயில வந்துச்சா?"

அவர் காலிக் கோப்பையை மெல்லக் கரடியின் முன்னால் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் வயிறு கலங்கிப் படுத்துவிட்டார். நூற்றைம்பது கோப்பைகளும் காத்திருக்க, பதறிப்போய் முதலாளியே போன் செய்தார். மனைவிதான் எடுத்தாள்.

"பெருசா ஒண்ணுமில்லைங்க," என்றாள். "டீ ஒத்துக்கல."