நாலு டயரிலும் இருபத்திநாலு

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெட்ரோல் பங்க்குக்குப் போய்க் காற்று மட்டும் பிடித்துக்கொண்டு வருகிற ஆள் நான். என்னுடையது மின்சாரக் கார், அங்கே எனக்கு வேறு வேலை கிடையாது. காற்றுப் பிடிக்கிறவர் என்னைக் கண்டாலே, "பெட்ரோலும் வேணாம், டீசலும் வேணாம், ஓசிக் காத்துக்கு மட்டும் கரெக்டா வந்துடுறீங்க மேடம்" என்பார். நானும் சிரித்து வைப்பேன். முப்பத்தாறு வையுங்கள் என்று சொல்லிவிட்டு, கீழே இறங்காமல், சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வேன். மிஷின் நாலு தடவை கூவினால் நாலு சக்கரமும் முடிந்தது என்று அர்த்தம். அது ஆரம்பத்தில் எந்த எண்ணைக் காட்டியது என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும். பார்க்கவில்லை. ஆறு நாள் ஓட்டிவிட்டு ஏழாம் நாள் ஒரு எண்ணைப் படிக்கக்கூட எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

வீடு சித்தூரில், வேலை திருப்பதியில். ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடம் என் பொறுப்பு. போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது. பல வருஷம் பஸ்ஸில் போய் வந்து, இனி முடியாது என்று முழங்கால் சொன்ன பிறகு வாங்கியது இந்தச் சின்னக் கார். வீட்டில் சார்ஜ் போட்டுக் கிளம்பினால் திரும்பி வந்து நிறுத்தும்போது கால்வாசிக்கு மேல் மிச்சம் இருக்கும். அதெல்லாம் வாங்கிய புதிதில். மூன்றாவது கோடையில் அந்த மிச்சம் பத்து சதவீதம், எட்டு, ஆறு என்று தேய்ந்துகொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் சார்ஜ் போட வசதி கிடையாது. கம்பெனி சர்வீசில் இரண்டு நாள் வைத்துப் பேட்டரியை மட்டும் சோதித்துவிட்டு, அது நன்றாகத்தான் இருக்கிறது, ஏசியைக் குறைத்துப் பாருங்கள் என்றார்கள்.

ஏசியைக் குறைப்பது என்ன, அணைத்தே விட்டேன். திரும்பி வரும்போது பாகாலா பிரிகிற இடத்திலிருந்து வியர்வையில் நனைந்துகொண்டு, லாரிகளுக்குப் பின்னால் ஐம்பதில் ஊர்ந்து வருவேன். இரண்டு தடவை அதுவும் போதாமல் ஓர் ஓட்டல் வாசலில் சார்ஜ் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை, ஆறிப்போன டீயை முன்னால் வைத்துக்கொண்டு அழுதேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. வீட்டுக்கும் போகவில்லை, வேலையிலும் இல்லை, நடுரோட்டில் இருக்கிறேன் என்ற எரிச்சல்தான்.

வீட்டில் நானும், நைனா என்று நான் கூப்பிடுகிற அப்பாவும் மட்டும். என் கல்யாணக் கதை இங்கே வேண்டாம், அது இந்த டயர்களைவிடச் சீக்கிரம் தேய்ந்து போனது. நைனா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பங்காருபாளையத்து மாங்காயைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏற்றிக்கொண்டு போனவர். இப்போது எழுபத்தாறு வயது. சர்க்கரை இருக்கிறது. காலையும் ராத்திரியும் நான்தான் இன்சுலின் போட வேண்டும். போன வருஷம் ஒரு விடியற்காலையில் சர்க்கரை இறங்கி பாத்ரூமில் விழுந்தார். அதிலிருந்து இரவில் அவரைத் தனியாக விடுவதில்லை. பகலில் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு முறை எட்டிப் பார்ப்பார்.

விடிந்ததும் நைனா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றித் துடைப்பார். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. நான் கிளம்பிய பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்ப்பார். சாயங்காலம் நான் வந்ததும் அன்றைய செய்தி வாசிக்கப்படும். "தவுடு லோடு ஒண்ணு போச்சிம்மா, எடப்பக்கமா சாஞ்சிக்கினு போவுது. கட்டவே தெரியல இந்தப் பசங்களுக்கு." அவருடைய பகல் முழுவதும் அந்த ரோட்டில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில், இரண்டு பேர் தங்குகிற அறை ஒன்றில், ஒரு கட்டில் காலியாயிற்று. நான் அங்கே போவதென்றால் நைனா சென்னையில் தம்பி வீட்டுக்குப் போயாக வேண்டும். திருப்பதியில் ஒரு வீடு பிடித்து அவரையும் கூட்டிப்போகலாமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. தெரியாத ஊரில் பகல் முழுக்க அவரை யார் எட்டிப் பார்ப்பது? தம்பி வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும். ஆனால் அது நாலாவது மாடி. ஒரு தடவை பத்து நாள் இருந்துவிட்டு வந்து, "ஜன்னல தொறந்தா எதிர் வூட்டு ஜன்னல்தான் தெரியுது. ஒரு வண்டி கண்ணுல படல" என்றார். அவருக்கு அங்கே போக இஷ்டமில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அதனால் முடிவு செய்கிற வேலையைக் காரின் தலையில் கட்டினேன். ஒரு நாள் சாப்பிடும்போது, "டயர் தேஞ்சிப் போச்சி நைனா, மாத்திப் பாக்கலாம். அப்பவும் சார்ஜ் பத்தலன்னா நான் குவார்ட்டர்ஸுக்குப் போயிடறேன். நீ தம்பி வூட்டுல இரு" என்றேன். அவர் தட்டிலிருந்து முகத்தை எடுக்காமல், "சரிம்மா. நல்ல டயரா பாத்துப் போடு" என்றார்.

நல்ல டயர் எது என்று தெரிந்துகொள்ள ஒரு மாதம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சார வண்டிக்கென்றே வருகிற டயரைத்தான் போட வேண்டும், வண்டி எடை அதிகம், மிதித்ததும் இழுக்கிற இழுப்பு அதிகம், சாதாரண டயர் தாங்காது என்றார் ஒருத்தர். அதெல்லாம் வியாபாரத் தந்திரம் என்றார் அடுத்தவர். சுலபமாக உருள்கிற டயர் போட்டால் சார்ஜ் மிச்சமாகும், ஆனால் மழையில் பிடிப்பு போதாது. பிடிப்பு நன்றாக இருந்தால் சார்ஜ் அதிகம் இழுக்கும். ரொம்ப நாள் உழைக்கிறது இரையும், இரையாதது உழைக்காது. எஞ்சின் சத்தம் இல்லாத வண்டியில் டயர் சத்தம் மட்டும் காதைப் பிடுங்கும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். கூடத்தில் மிஷின் ரத்தத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதுகூட நான் டயர் படித்தேன். கடைசியில் எல்லா வகையிலும் நல்ல டயர் என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்பது மட்டும் விளங்கியது.

ஒரு புதன்கிழமை லீவு போட்டேன். கிளம்பும்போது பார்த்தால் நைனா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். "டயர பத்தி உனுக்கு இன்னா தெரியும்? ஏமாத்திடுவாங்க" என்றார். வாக்குவாதம் செய்ய எனக்குச் சக்தி இல்லை.

கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். எங்கள் ஊர் வழக்கப்படி பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பேசினார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்விகளை ஆரம்பிப்பதற்குள் தரையில் குந்தி, முன் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து இப்படியும் அப்படியும் தடவினார். "சூடண்டி மேடம்" என்று என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். "நடுவுல கோடெல்லாம் இன்னும் ஆழமா கீது. ரெண்டு ஓரமும் மொட்டை. காத்து கம்மியா வெச்சி ஓட்டிக்கினு கீறீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அளவு விஷயத்தில் யாரும் என்னைக் குறை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை முப்பத்தாறு வைக்கிறேன். மூணு நாள் முன்னாடிதான் வெச்சேன்" என்றேன். அவர் வாதாடவில்லை. அளக்கிற கருவியை எடுத்துவந்து வால்வில் வைத்தார். இருபத்திநாலு. பக்கத்துச் சக்கரம், இருபத்திநாலு. பின்னால் இரண்டிலும் அதே இருபத்திநாலு.

அவர் எழுந்து நின்று தாடையைச் சொறிந்தார். "லீக்கு இருந்தா ஒரு சக்கரத்துல எறங்கும், மிஞ்சிப்போனா ரெண்டுல எறங்கும். நாலுலயும் ஒரே மாதிரி எறங்காது. யாரோ கையால எறக்கி வுட்டுக்கினு கீறாங்க மேடம்" என்றவர், கொஞ்சம் மரியாதையோடு சேர்த்துக்கொண்டார்: "நல்லா வேல தெரிஞ்ச கை."

நான் திரும்பிப் பார்த்தேன். நைனா கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை.

"நைனா, தெனம் காலையில நீ வண்டிய தொடச்சிக்கினு இருந்தியா, காத்த எறக்கிக்கினு இருந்தியா?"

"ரெண்டும்தான்" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். "முப்பத்தாறு வெச்சா கல்லு மாதிரி கீதும்மா. இந்த வெயில்ல ரோடு எப்பிடிக் கொதிக்குது! வெடிச்சிடாதா? வெயில் காலத்துல காத்த கொறச்சிதான் நாங்க ஓட்டுவோம். முப்பது வருஷம் ஓட்டினேன், ஒண்ணு வெடிச்சதில்ல." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "காலையில நீ போயிட்டா சாயங்காலம் வர்ற வரைக்கும் நான் இன்னா பண்ண முடியும்? கேட்டாண்ட குந்திக்கினு கீறேன். என்னால ஆனது அது ஒண்ணுதான்."

தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று நான் சொன்னதே சார்ஜ் போதவில்லை என்றுதான். அந்தச் சார்ஜை விடியற்காலையில் குனிந்து குனிந்து வெளியே விட்டுக்கொண்டிருந்தது அவரேதான். நொந்துகொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கடைக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் தொழில்காரர், சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அது ட்யூப் டயர் காலம் பெரியவரே. காத்து கம்மியா இருந்தாதான் டயரு மடிஞ்சி மடிஞ்சி சூடாவும். வெடிக்கிறதே அப்பதான். சார்ஜையும் துன்னுடும்."

மகளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளைத் தினமும் ஆபத்தில் அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பது நைனாவுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அது உறைக்கிற முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணும் ஆவல இல்ல, வுடு நைனா" என்றேன்.

"புது டயர் போட்டு முப்பத்தாறு வெச்சி ஓட்டுங்க மேடம். பழையபடி தாராளமா போய் வரலாம். பேட்டரி மேல குத்தமே இல்ல" என்றார் கடைக்காரர்.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அந்த இடத்தில்தான் என் லட்சணம் எனக்கே தெரிந்தது. குவார்ட்டர்ஸில் காலியான அந்தக் கட்டில் எனக்கு வேண்டியிருந்தது. வேலை முடிந்து ஐந்து நிமிஷம் நடந்து போய், செருப்பைக் கழற்றிவிட்டு, யாருக்கும் ஊசி போடாமல், யாரும் எனக்காகக் காத்திருக்காமல் படுக்க வேண்டும் என்றிருந்தது. என்னால் முடியவில்லை நைனா என்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. என் சார்பில் கார் அதைச் சொல்லிவிடும் என்று ஒரு மாதமாக நம்பியிருந்தேன். இப்போது காரும் முடியும் என்று சொல்லிவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்தைவிடக் களைப்புதான் பெரிதாக இருந்தது.

"அப்ப இனிமே சார்ஜ் பத்தும் இல்லம்மா?" என்று கேட்டார் நைனா.

"பத்தும் நைனா" என்றேன். என் குரல் எப்படி வந்ததோ தெரியாது. லோடு சாய்ந்து போகிற லாரியைப் பார்க்கிற மாதிரி அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கடைக்காரர் மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து வரிசையாகச் சாய்த்து வைத்தார். முதலாவது மின்சார வண்டிக்கென்றே செய்தது, சுலபமாக உருளும், இரைச்சல் இல்லை, தினமும் திருப்பதி போய் வருகிறவர்களுக்கு அதுதான் சரி என்றார். இரண்டாவது கெட்டி ரகம், நாள்பட உழைக்கும், சத்தம் போடும். மூன்றாவது சாதாரணம். எடை தாங்குவதில் குறையில்லை, ஆனால் டவுனுக்குள் ஓட்டுகிறவர்களுக்குத்தான் அது லாயக்கு, இவ்வளவு தூரம் தினமும் ஓட்டினால் சீக்கிரம் போய்விடும் என்றார். "மேடம் இன்னும் எத்தினி வருஷம் இப்பிடிப் போய் வருவீங்க? அத சொன்னீங்கன்னா நான் கரெக்டா எடுத்துக் குடுப்பேன்."

அவருக்கு அது சாதாரணக் கேள்வி. நான் முதல் டயரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நைனா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். டயர்களின் பக்கவாட்டில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். மூன்றாவதின் மேல் கையை வைத்தார். "இத போடுப்பா. இது போதும்."

"பெரியவரே, மேடம் டெய்லி நூத்தி நாப்பது..."

"அவ இனிமே அங்கியே தங்கிக்கப் போறா. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸு. ரூமுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்றதுக்கு இத்தினி பெரிய டயரு இன்னாத்துக்கு?" என்னைப் பார்க்காமலே பேசினார். "எனுக்கும் பையன் வூட்டுக்குப் போய் ரொம்ப நாளாவுது. வரச் சொல்லிக்கினே கீறான்."

தம்பி அப்படி வரச் சொல்லவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "மேடம்?" என்றார்.

முதல் டயரைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் போய் வந்துகொண்டுதான் இருப்பேன், நைனா இங்கேதான் இருப்பார் என்று ஆகிவிடும். கடைக்காரர் காத்திருந்தார். நைனாவும் டயர் மேல் வைத்த கையை எடுக்காமல் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

"நைனா சொன்னதையே போடுங்க" என்றேன். பிறந்ததிலிருந்து அவர் பேச்சை அவ்வளவு சீக்கிரம் நான் கேட்டதே இல்லை.