ஆமத்தூருக்குத் திரும்பிய வேன்

1. மேசை மேல் இருந்த போன்

விருதுநகரில் மதுரை ரோட்டில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் மெக்கானிக்காகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. அதற்கு முன்னால் மதுரையில் ஒரு பஸ் கம்பெனியில் ஏழு வருடம் இன்ஜின் வேலை பார்த்திருந்தேன். வேலை தெரியும் என்ற மிதப்பு நிறையவே இருந்தது.

கார் வைத்திருந்தவர்கள் சேர்ந்து நடத்திய மோட்டார் சங்கம் ஒன்றுக்கு எங்கள் ஒர்க்‌ஷாப் பிரேக்டவுன் ஸ்டேஷன். உறுப்பினர் அட்டை உள்ளவரின் கார் விருதுநகரைச் சுற்றி இருபது மைலுக்குள் எங்கே நின்றாலும், போன் செய்தால் வேன் போக வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் இது பெரிய விஷயம். சிவகாசி, சாத்தூர், காரியாபட்டி என்று எந்த ரோட்டிலும் ஒரு கார் போனால் அடுத்த கார் வர அரை மணி நேரம்கூட ஆகும். நின்றால் நின்றதுதான். அச்சாபீஸ்காரர்கள், பஞ்சு வியாபாரிகள், டாக்டர்கள் எல்லாரும் அந்த அட்டையைப் பர்சில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

முதல் நாள் முதலாளி என்னை வேன் டிரைவர் மாடசாமியிடம் அறிமுகப்படுத்திவிட்டு, "பிரேக்டவுன் விசயத்துல எல்லாம் கோமதியம்மா சொல்றபடி கேட்டுக்கோங்க" என்றார்.

கோமதியம்மா ஒரு மேசையின் பின்னால் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். மேசையில் ஒரு கறுப்புப் போன், ஒரு ரிஜிஸ்டர், ஒரு தடித்த நோட்டு. அதற்கு முன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தற்காலிக ஆபரேட்டராக இருந்தவராம். ஸ்பேனர் பிடிக்காத ஒருவர் சொல்லி நான் வேலை பார்ப்பதா என்று எனக்குள் ஒரு கடுப்பு. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

2. பத்து நிமிஷம்

சேர்ந்து பத்து நாள் இருக்கும். மதியம் அவர் சாப்பிடப் போயிருந்த நேரம் போன் அடித்தது. நான் எடுத்தேன். சாத்தூர் ரோட்டில் ஒரு டாக்டரின் கார் நின்றுவிட்டது.

"இந்தா கெளம்பிட்டோம் சார், பத்து நிமிஷம்" என்று சொல்லி வைத்தேன். பஸ் கம்பெனியில் அப்படித்தான் பழக்கம். மாடசாமி ஒரு பழைய டயரை மாற்றிக்கொண்டிருந்தார். கிளம்பவே அரை மணி நேரம் ஆனது. போய்ச் சேர மொத்தம் ஒரு மணி நேரம்.

சாயங்காலம் கோமதியம்மா என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

"டாக்டர் போன் பண்ணுனாரு. பத்து நிமிஷம்னு சொன்னீகளாமே?"

"ஆமா. சீக்கிரம் போயிரலாம்னு நெனச்சேன்."

"நீங்க பத்து நிமிஷம்னு சொன்னதால அவரு வண்டிக்கிட்டயே வெயில்ல நின்னுருக்காரு. ஒரு மணி நேரம்னு சொல்லியிருந்தா, பக்கத்துல இருக்குற பஞ்சு ஜின்னிங் பாக்டரில போயி நெழல்ல உக்காந்திருப்பாரு. தண்ணி கிடைச்சிருக்கும். சண்முகம், நம்ம அவுகளுக்குக் கொடுக்குற மொத சாமான் ஸ்பேனர் இல்ல, நேரம். அது சரியா இருக்கணும்."

அன்றுதான் அந்தத் தடித்த நோட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு ரோட்டுக்கும் தனிப் பக்கம். எந்த மைல் கல்லுக்கு அருகே பாலம், எங்கே கிணறு, எங்கே மரநிழல், எந்த மில்லில், எந்தத் தீப்பெட்டி ஆபீசில், எந்தத் தபாலாபீசில் போன் இருக்கிறது, அதை எடுப்பவர் பெயர் என்ன என்று எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் போய் அங்கங்கே இறங்கி, "எங்க வண்டிக்காரங்க வந்தா ஒரு போன் பேச விடுவீகளா" என்று ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டு வந்திருக்கிறார். யாரும் அவரிடம் இதைச் செய்யச் சொல்லவில்லை. என் கடுப்பு அன்றோடு போனது.

3. பங்குனி முகூர்த்த நாள்

அந்தப் பங்குனியில் ஒரு முகூர்த்த நாள். முதலாளி உறவுக்காரர் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தார். காலை பதினொன்றே கால் மணிக்குக் காரியாபட்டியிலிருந்து அழைப்பு. ரெங்கசாமி என்ற பண்ணைக்காரர், சங்கத்தின் பழைய உறுப்பினர். மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு விருதுநகரில். ஒரு மணிக்குள் தட்டு மாற்ற வேண்டும். காரியாபட்டியைத் தாண்டியதும் கார் நின்றுவிட்டது. நானும் மாடசாமியும் வேனில் உடனே கிளம்பினோம்.

நாங்கள் கிளம்பி ஐந்து நிமிடத்தில் அடுத்த அழைப்பு. அந்தப் பேச்சைக் கோமதியம்மா பிறகு எனக்கு அப்படியே சொன்னார்.

"வண்டி ரிப்பேர் பாக்குற எடமா? ஆமத்தூர் தபாலாபீஸ்ல இருந்து பேசுறேன். சீக்கிரம் வாங்கம்மா!"

பேசியவர் மதுரையைச் சேர்ந்த ஒரு காகித ஏஜெண்ட். ஆர்டர் விஷயமாக எம். புதுப்பட்டிப் பக்கம் போயிருக்கிறார். அங்கே ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து தீப்பிடித்து இரண்டு பெண்களுக்குத் தீக்காயம். அவர் காரில்தான் அவர்களைச் சிவகாசிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முதலுதவி செய்து, விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி, துணைக்கு ஒரு கம்பவுண்டரையும் அனுப்பியிருந்தார்கள். ஆமத்தூர் அருகே கார் நின்றுவிட்டது.

"வண்டி எப்படி நின்னுச்சு? வெடுக்குனு நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?"

"இழுத்து இழுத்துத்தான்."

"ஆரன் அடிக்குதா?"

"அடிக்குது."

"டாங்குல பெட்ரோல் இருக்கா?"

"காலைலதான் ரொப்புனேன். அம்மா, நான் உங்க சங்கத்துல மெம்பர் இல்ல. அத மொதல்லயே சொல்லிர்றேன்."

"அது கெடக்கட்டும். அவுகளுக்கு நெழல் இருக்கா?"

"புளியமரம் இருக்கு."

"கம்பவுண்டர அங்கனயே இருக்கச் சொல்லி ஆள் அனுப்புங்க. நீங்க இந்தப் போன விட்டு நகராதீக."

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். அவர்கள் வண்டி மதுரைக்குப் போயிருந்தது. வாடகைக் கார் வைத்திருந்த இரண்டு பேரைப் போனில் கேட்டார். இரண்டும் கல்யாணத்துக்குப் போயிருந்தன. சிவகாசி பஸ் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. இருந்தது ஒரே வேன். அது காரியாபட்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. கேட்டுச் செய்ய முதலாளியும் ஊரில் இல்லை.

நோட்டைப் புரட்டி, அந்த ரோட்டில் சில மைல் தள்ளி இருந்த பஞ்சு மில்லின் கேட்டுக்குப் போன் செய்தார்.

4. மட்கார்டில் உட்கார்ந்து

மில் வாட்ச்மேன் ரோட்டின் நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். மாடசாமி பிரேக் போட்டார்.

"ஏலே மாடசாமி, போன்ல உங்க கோமதியம்மா! ஓடியா!"

நான் இறங்கி ஓடினேன். கோமதியம்மாவின் குரலில் பதற்றம் இல்லை. வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார்.

"வண்டியத் திருப்புங்க. ஆமத்தூர் புளியமரத்தடி. தீக்காயம் பட்ட ரெண்டு பேரு உள்ள இருக்காக. ஆரன் அடிக்குது, அப்ப கரண்ட் இருக்கு, பெட்ரோல்தான் வரல போலருக்கு. பழைய சீமை வண்டியாம், நம்மகிட்ட சாமான் இருக்காது. அந்த மூக்கு வச்ச டின்னு வேன்ல இருக்கா?"

"இருக்கு. காரியாபட்டிப் பண்ணைக்காரரு?"

"அது எம் பொறுப்பு. நீங்க போங்க."

ஊருக்குள் புகுந்து சிவகாசி ரோட்டைப் பிடித்தோம். மாடசாமி அன்று ஓட்டியதுபோல் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. புளியமரத்தடியில் கார் நின்றது. பின் சீட்டில் ஒருத்தி படுத்திருந்தாள். முன் சீட்டில் இன்னொருத்தி, இரண்டு கையிலும் துணிக்கட்டு. இருபது வயதுகூட இருக்காது. முனகல் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பானெட்டைத் திறந்தேன்.

"வேனுக்கு மாத்திரலாமா?" என்று மாடசாமி கேட்டார்.

கம்பவுண்டர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "தூக்குனா தோலு வந்துரும். அசைக்கவே கூடாது. வண்டியத்தான் ஓட வைக்கணும்."

பெட்ரோல் பம்பைக் கழற்றினேன். உள்ளே பெட்ரோலை இழுத்துத் தள்ளும் டயாஃப்ரம் சவ்வு ஓரத்தில் கிழிந்திருந்தது. டாங்கில் நிறைய பெட்ரோல் இருந்தும் ஒரு சொட்டு மேலே ஏறாது. கோமதியம்மா போனிலேயே சொன்னது அதுதான். எங்களிடம் இருந்த டயாஃப்ரம் எதுவும் அளவுக்குப் பொருந்தவில்லை.

அந்தக் காலத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. அடியில் மூக்கு வைத்து ஈயம் பற்றவைத்த டின்னில் பெட்ரோலை ஊற்றி, அதை இன்ஜினைவிட உயரத்தில் பிடித்து, ரப்பர் குழாயைக் கார்பரேட்டரில் மாட்டிவிட்டால், பம்ப் இல்லாமலே பெட்ரோல் தானாக இறங்கும். வண்டி ஓடும். ஆனால் யாராவது டின்னைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும்.

பானெட்டின் இடது பக்கத் தகட்டைக் கழற்றி வேனில் போட்டோம். நான் இடது மட்கார்டு மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் டின்னை நெஞ்சோடு அணைத்து, மறு கையால் ஹெட்லைட்டைப் பிடித்துக்கொண்டேன். குழாய் கழன்று சூடான இன்ஜினில் பெட்ரோல் கொட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உள்ளே இருந்தவர்கள் ஏற்கெனவே ஒரு தீயிலிருந்து வந்தவர்கள். அந்த நினைப்பில் என் விரல் குழாயின் கழுத்தை விட்டு நகரவில்லை.

மாடசாமி வேனை முன்னால் விட்டு, ஆரனை அடித்துக்கொண்டே மாட்டு வண்டிகளை ஒதுக்கினார். ஏஜெண்ட் மெதுவாக, பள்ளம் பார்த்து ஓட்டினார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளிருந்து "அம்மா" என்ற சத்தம் வந்தது. ஆறேழு மைல். என் சட்டைக் கை முழுவதும் பெட்ரோலில் நனைந்து தோல் எரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் தயாராக நின்றார்கள். கோமதியம்மா சொல்லி வைத்திருந்தார்.

டின்னை இறக்கி வைக்கப் பார்த்தபோது பிடித்த விரல்கள் விரியவில்லை. மாடசாமிதான் விரல்களைப் பிரித்துவிட்டார். அங்கிருந்து நேராகக் காரியாபட்டிக்குப் போனோம். பண்ணைக்காரர் காரில் அவர் டிரைவர் மட்டும் இருந்தார். ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. கால் மணி நேர வேலை.

5. பண்ணைக்காரர் வந்தார்

மறுநாள் காலை அந்தக் கார் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. ரெங்கசாமி இறங்கினார். ஆறடி உயரம், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டோம்.

"நேத்து போன் எடுத்தது யாரு?"

கோமதியம்மா எழுந்து நின்றார். "நான்தாங்க."

"எம் மக நிச்சயத்துக்குத் தாம்பூலத் தட்டையும் பூக்கூடையையும் தூக்கிட்டு, பொண்டு பிள்ளையோட பஸ்சுல போயி எறங்கியிருக்கேன். மாப்பிள வீட்டுக்காரக வாசல்ல நின்னு பாக்குறாக. இம்புட்டு வருசமா உங்க அட்டைய வச்சிருக்கேன். இதுக்குத்தானா?"

"உங்களுக்கு வந்த வேனத் திருப்புனது நான்தாங்க. டிரைவர் மேலயும் மெக்கானிக் மேலயும் தப்பில்ல." ரிஜிஸ்டரைத் திருப்பி அவர் பக்கம் வைத்தார். "வேன் வர மூணு மணி நேரம் ஆகும், காத்திருக்காதீக, பன்னெண்டு மணி பஸ்சப் பிடிங்கன்னு காரியாபட்டித் தபாலாபீஸ்ல சொல்லி ஆள் அனுப்புனேன். வந்தாகளா?"

"வந்தாக. அதனாலதான் நேரத்துக்குப் போனேன்." சொன்ன பிறகு அவருக்கே குரல் கொஞ்சம் இறங்கியது. குனிந்து ரிஜிஸ்டரைப் படித்தார். அவர் அழைப்புக்கு எதிரே, 'வேன் திருப்பப்பட்டது. காரணம்: ஆமத்தூரில் தீக்காயம், இரண்டு பெண்கள். உறுப்பினர் அல்ல. முடிவு என்னுடையது' என்று எழுதி, கீழே கோமதியம்மா கையெழுத்துப் போட்டிருந்தார். எதையும் மறைக்கவில்லை.

பண்ணைக்காரர் ரிஜிஸ்டரை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பிள்ளைக பொழச்சாகளா?"

கோமதியம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது. "தெரியலைங்க. இங்கன போன விட்டுட்டுப் போக முடியல. ஆஸ்பத்திரில கேட்டா, ஒறவுக்காரகளுக்குத்தான் சொல்லுவோம்ங்காக."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாங்க தாயி, வண்டில ஏறுங்க. போயி பாத்துட்டு வருவோம். யோவ் மெக்கானிக்கு, நீரும் வாரும். போன அந்த டிரைவர் பாத்துக்கிடட்டும்."

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். பெரியவள் மயக்கத்தில் இருந்தாள். அவள் பிழைத்துக்கொண்டாள், ஆனால் வலது கை விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். சின்னவள் விழித்திருந்தாள். பெயர் மாரியம்மா. எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க யாரும்மா?" என்று கோமதியம்மாவைக் கேட்டாள்.

கோமதியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். "நான் போன் எடுத்தவ தாயி" என்றார்.

அந்தப் பெண் கட்டுப் போட்ட இரண்டு கையையும் சேர்க்கப் பார்த்தாள். முடியவில்லை. ரெங்கசாமி சட்டென்று வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார்.

ஒரு மாதம் கழித்துச் சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. முதலாளி பயந்துவிட்டார். பதிலோடு சேர்த்து அனுப்பச் சொல்லி ரெங்கசாமி தன் கையாலேயே ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: 'புகார் சொல்ல வேண்டியவன் நான். எனக்குப் புகார் இல்லை.' அதற்குப் பிறகு அங்கிருந்து எந்தக் கடிதமும் வரவில்லை.

நான் பிறகு சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்தேன். ஆட்களைச் சேர்க்கும்போது கார்பரேட்டரைப் பற்றி அதிகம் கேட்டதில்லை. அதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். ஒரு வேனை எங்கே அனுப்பினேன், ஏன் அனுப்பினேன், யாரைக் காக்க வைத்தேன் என்று எழுதி, அதன் கீழே தன் பெயரைப் போடும் ஆளா என்று மட்டும் பார்ப்பேன். இந்தத் தொழிலில் ரோட்டில் நிற்பவன் நம்பி நிற்பது அந்தக் கையெழுத்தைத்தான்.