சூரன்போர் நாளில் அரையிறுதி

பகல் ஒரு மணி, மைதானத்தில் இருபத்துநாலு பேர், அதில் ஒரேயொரு தமிழ்ப் பெயர்: நிரோஷன். விளையாட்டுச் செய்தி எழுதுகிறவனுக்கு எதிரி மழையல்ல, தோல்வியுமல்ல, அவனுடைய சொந்தப் பத்திரிகைதான். யாழ்ப்பாணத்தில் நாளிதழில் தொழில் பழகியவன் நான். மொன்றியலில், கடைவாசல்களில் இலவசமாக அடுக்கிவைக்கும் ஒரு மாத இதழுக்காக, கல்லூரி ஃபுட்போல் அணியொன்றின் பருவம் முழுவதையும் எழுதினேன். இப்படியான இதழ்களுக்கு எழுதிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

மற்றவர்களுக்கு: இந்த ஃபுட்போல் காலால் உதைக்கிற ஆட்டமல்ல. தலைக்கவசமும் தோள்காப்பும் போட்டு, முட்டி மோதி, முட்டை வடிவப் பந்தை முன்னே கொண்டுபோகும் அமெரிக்க ஆட்டம். கனடாவில் பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். நிரோஷன் நடுவில் குனிந்து நிற்பவன். கால்களுக்கிடையால் பந்தை, பின்னால் நின்று அதை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பாக்கிடம் கொடுத்துவிட்டு, அவனை விழுத்த வருகிறவர்களை மறிப்பது அவன் வேலை. கல்லூரியில் அவனுக்கு இது கடைசிப் பருவம். ஏதாவதொரு பல்கலைக்கழக அணி எடுத்தால் ஆட்டம் தொடரும். எடுக்காவிட்டால் கவசத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

கோல்

முதல் ஆட்டத்தில் அணி வென்றது. குவாட்டர்பாக்கின் சட்டையில் புல்கூட ஒட்டவில்லை, அதற்குக் காரணம் நிரோஷன் என்று எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தது: ‘தமிழ் மாணவனின் கோலால் வெற்றி’. நடுவில் குனிந்து நிற்பவன் பந்தோடு ஓடுவதே இல்லை, பிறகெங்கே கோல். பக்கத்து நகரான லவாலில் இருக்கும் அவனுடைய சித்தப்பா அந்தக் கோலின் வீடியோவைக் கேட்டு அவனை ஒரு கிழமை நச்சரித்தார். ஆத்திரம் தாளாமல் ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

“கோல் அடிக்காத ஆளைப் பற்றி ஆர் அண்ணை வாசிப்பினம்?”

படம்

அடுத்த இதழில் எழுத்தை மாற்றக்கூடாது, படமும் போட வேண்டும் என்று சண்டை பிடித்தேன். போட்டார்கள், அரைப்பக்கத்துக்கு. குவாட்டர்பாக்கின் பின்னாலிருந்து எடுத்த படம். அதில் நிரோஷன் எப்படித் தெரிவான் என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஐந்து படங்கள் அனுப்பியிருந்தேன். ஆள் பெரிதாகத் தெரிவது இதுதான் என்று தேர்ந்தெடுத்தார்களாம்.

பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடையொன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது அவனுடைய தாய் வசந்தி பிடித்துக்கொண்டார். ஹோட்டல் சலவைக்கூடம் ஒன்றில் நின்ற நிலையில் வேலை செய்கிறவர். குரல் எட்டுக் கடைக்குக் கேட்கும்.

“அவனுக்கு முகம் எண்டும் ஒண்டு இருக்கண்ணை. ஊர் முழுக்க இப்ப மற்றப் பக்கத்தை எல்லோ பாத்து வைச்சிருக்கு!”

தோள்

அரையிறுதி வந்து விழுந்தது கந்தசஷ்டியின் ஆறாம் நாளில், சூரன்போர் அன்று. டொலார்ட் முருகன் கோயிலில் சூரனின் உருவத்தைத் தூக்கி ஆட்டும் தண்டின் முன்முனையை, முன்கொம்பை, பிடிக்கிறவன் நிரோஷன். அவ்வளவு அகலமான தோள் அந்தக் கோயிலில் வேறில்லை. ஆட்டம் முடிந்துதான் வருவான் என்று தெரிந்ததும் கோயில்காரர் ஒருவர் அவனைக் கேட்கவில்லை, என்னைக் கூப்பிட்டார். நான் எழுதுவதால்தான் பெடியனுக்குத் தலைக்கனமாம். அன்றைக்குத்தான் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் பார்க்க வருகிறார்கள், அவனுடைய எதிர்காலமே அதில் இருக்கிறது என்று விளக்கினேன்.

“அவை வேற நாளைக்கு வரலாந்தானே. முருகன் நாளை மாத்த ஏலுமோ?”

விரதம்

ஆட்டத்துக்கு முதல்நாள் இரவு அணியினர் எல்லோரும் ஒன்றாக ஸ்பகெற்றி சாப்பிட வேண்டும் என்பது கோச்சின் சட்டம். நிரோஷன் பாலும் வாழைப்பழமும் மட்டும் எடுத்தான். சின்ன வயதிலிருந்து பிடிக்கிற விரதம், பந்துக்காக விடமாட்டான். கோச்சுக்கு அது தெரியவந்ததும் மறுநாள் அவனை மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கிலில் இருத்திவிட்டார். பல்கலைக்கழகத்து ஆள் வந்து கதிரையில் அமர்ந்திருக்கிறார்; அவர் பார்க்க வந்த பெடியனோ தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில். நடுவில் வேறொருவன் நின்றான். குவாட்டர்பாக் திரும்பத் திரும்ப மண்ணில் விழுந்தான்.

செய்தியாளன் கோட்டைத் தாண்டக் கூடாது. இடைவேளையில் நான் தாண்டினேன். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சில் கோச்சிடம் கேட்டேன், இது என்ன நியாயம் என்று. பட்டினி கிடக்கிறவனை இறக்கி அவன் மயங்கி விழுந்தால், அவனுடைய தாய்க்கு யார் பதில் சொல்வது என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தத் தாய் எங்களுக்குப் பின்னால், குளிர்த்தொப்பிக்குக் கீழே திருநீறோடு நின்றுகொண்டிருந்தார்.

“நானும் ஆறு நாளா விரதம்தான். நிண்டு வேலை செய்து போட்டுத்தான் வாறன். இவனுக்குக் குனிஞ்சு நிமிர ஏலாதாமோ? அப்பிடியே சொல்லுங்கோ அண்ணை, ஒரு சொல்லும் விடாமல்!”

முன்கொம்பு

ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். நிரோஷன் இறங்கினான். அதற்குப் பிறகு குவாட்டர்பாக்கை ஒருவரும் தொடவில்லை. ஆனால் முதற்பாதியில் இழந்ததை மீட்க முடியவில்லை. அணி தோற்றது, பருவம் முடிந்தது. பல்கலைக்கழகத்து ஆள் குவாட்டர்பாக்கோடு கைகுலுக்கிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். நிரோஷனைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

நான்தான் அவனைக் கோயிலுக்கு ஏற்றிப்போனேன். பிந்தி வந்ததற்குக் கோயில்காரர் எல்லோர் முன்னிலையிலும் ஏசினார். அவன் ஜாக்கெட்டுக்கு மேலே சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்கொம்பைத் தோளில் வாங்கினான். சூரன் பாய்ந்தான், பதுங்கினான், தலை மாறினான், கடைசியில் விழுந்தான். உனக்குக் கோபமே வரவில்லையா என்று கேட்டேன். தோளைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

“ரெண்டு இடத்திலயும் தள்ளுறதுதானே அங்கிள் என்ர வேலை. இஞ்சை சூரன்ர பக்கம் தோப்பம் எண்டு முதலே தெரியும், அதால நோகேல்லை.”

அடுத்த மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பல்கலைக்கழகம், அரையிறுதியின் பின்பாதியைப் பார்த்து, நிரோஷனைத் தன் அணிக்கு எடுத்துக்கொண்டதாக அறிவித்தது. எங்கள் இதழில் அந்த மாதம் ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டு வாழ்த்து முழுப்பக்கம் போனதால், செய்திக்கு இடமிருக்கவில்லை.