எல்லா டெஸ்டும் பாஸ்

பாரிஸின் லாச்சப்பலில் ஒரு பலகாரக் கடைக்கு இணையத்தில் ஓடர் எடுக்கும் பக்கம் செய்துகொடுத்தவன் நான். செய்து முடித்தபோது தலைக்கனம் கொஞ்சம் கூடித்தான் இருந்தது. ஒவ்வொரு பட்டனும் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தனித்தனியாக டெஸ்ட் எழுதியிருந்தேன். அவற்றை ஓட்ட உண்மையான பிரவுசர் வேண்டாம். பிரவுசர் மாதிரியே நடிக்கும் ஒரு நிரல், திரையே இல்லாமல் சேர்வருக்குள் இருந்துகொண்டு பக்கத்தைக் கட்டும், பட்டனை அழுத்தும், ஓடர் போய்விட்டதா என்று பார்க்கும். சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். வரிசையாகப் பச்சை நிறத்தில் சரி விழுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

கவுண்டரில் நின்ற அக்கா கார்ஜ் புறநகரிலிருந்து வருபவர். வருடக்கணக்காக விடிகாலையில் அலுவலகங்கள் துடைத்தவர். நாலு பேரோடு தமிழில் கதைத்துக்கொண்டு செய்யும் வேலை அவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது இந்தக் கடையில்தான். பக்கம் வந்த இரண்டாம் நாளே என்னை ஃபோனில் அழைத்தார். வாடிக்கையாளர் கேட்பதைக் கடை டாப்லெட்டில் போட்டு அழுத்தினால் ஓடர் போகவில்லை என்றார். நான் வேலையிடத்தில் இருந்தபடியே டெஸ்டுகளை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் பச்சை. அவசரப்படாமல் ஆறுதலாக அழுத்திப் பாருங்கோ என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். கடைக்கு மெட்ரோவில் பத்து நிமிடம். நான் போகவில்லை.

அவர் ஓடர்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் குசினியில் சமைப்பவர்களிடம் கொடுத்துச் சமாளித்தார். ஒரு சனிக்கிழமை துண்டு ஒன்று தவறி, ஒரு பிள்ளையின் பிறந்தநாள் கேக் செய்யப்படாமல் போனது. அந்தக் குடும்பம் கடைக்குள் நின்று சத்தம் போட்டதாம். அன்றே முதலாளி என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். அக்காவும் பக்கத்தில் நின்றார்.

"பிழை உன்ரை பக்கமோ, இவவின்ரை பக்கமோ? சரியாச் சொல்லு தம்பி."

"எல்லா டெஸ்டும் பாஸ் அண்ணை. என்ரை பக்கம் ஒண்டும் இல்லை."

அடுத்த கிழமை அக்காவை ஒபர்வில்லியே புறநகரில் இருக்கும் கடையின் சரக்குக் கிடங்கான தெப்போவுக்குப் பருப்பு பொதி செய்ய அனுப்பிவிட்டார்கள். கவுண்டருக்கு வந்த புதுப் பெண் அதே டாப்லெட்டில் படபடவென்று ஓடர் போட்டாள். நான் சொன்னது சரிதான் என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன். அவள் வந்த உடனே டாப்லெட்டில் பெரிதாக இருந்த எழுத்தைச் சின்னதாக்கிக்கொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து அக்காவைக் கடை வாசலில் கண்டேன். ஓடர் பக்கத்தைத் திறந்து தன் ஃபோனை என்னிடம் நீட்டினார். கண்பார்வை குறைவு என்பதால், டாப்லெட்டில் வைத்திருந்ததைப் போலவே இதிலும் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். பக்கம் வீங்கி, ஓடர் பட்டன் கீழே இறங்கி, கடையின் தொலைபேசி எண்ணுக்காக நானே போட்ட மஞ்சள் பட்டிக்கு அடியில் மறைந்திருந்தது. மேல்விளிம்பு மட்டும் நூலளவு தெரிந்தது. எப்படித் தொட்டாலும் விரல் பட்டியில்தான் பட்டது. நடிக்கும் பிரவுசரில் திரை இல்லை, அகலம் உயரம் இல்லை, ஒன்றை ஒன்று மறைக்காது. அங்கே பட்டன் எப்போதும் வேலை செய்யும். தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது.

"எனக்கு இன்னும் சரிவருகுதில்லை தம்பி. வீட்டிலை ஒவ்வொரு நாளும் அமத்திப் பழகிறன்," என்றார்.

கூனிக் குறுகிப் போனேன். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பார்க்கிறேன் அக்கா என்று மட்டும் சொன்னேன். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டியை எடுத்துவிட்டேன். இரண்டு வரி வேலை. யாருக்கும் சொல்லவில்லை.

அந்தக் கிழமையே அவர் அழைத்தார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"பழகிட்டன் தம்பி. நேற்று லட்டு ஓடர் போட்டனான், போயிட்டுது. திரும்பக் கவுண்டருக்கு எடுக்கச் சொல்லி முதலாளியிட்டை ஒருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன். பிழை என்னுடையது என்று சொல்லவில்லை. அக்கா பழகிவிட்டார் என்றுதான் சொன்னேன். முதலாளி சிரித்தார். கவுண்டருக்கு இப்போது ஆள் இருக்கிறது, அவர் தெப்போவிலேயே நிற்கட்டும் என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவை அழைத்து, நல்லாப் பழகிவிட்டீர்கள், ஆனால் இப்போதைக்கு இடமில்லையாம் என்றேன். கேட்டுப் பார்த்ததற்கு அவர் எனக்கு நன்றி சொன்னார்.