மணம் தெரியாத நடுவர்

பிஸ்கட் கம்பெனியில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் மூக்கம்மா. பத்தொன்பது வருடமாக ருசி பார்க்கும் அறையில் வேலை. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு லாட்டிலும் நாலு பிஸ்கட்டை எடுத்து உடைத்து, முகர்ந்து, கடித்து, பாதியைத் துப்பிவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அது விழுந்தால்தான் லாரி கிளம்பும். மாவு மூட்டைக்குப் பக்கத்தில் யாரோ சோப்புப் பெட்டியை வைத்திருந்ததை, சுட்டெடுத்த பிஸ்கட்டை முகர்ந்தே ஒருமுறை கண்டுபிடித்தாள். பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

அந்த மூக்குதான் போய்விட்டது.

ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் எழுந்து பல் தேய்த்தபோது பற்பசை வெறும் நுரையாக இருந்தது. சளி இறங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். சளி இறங்கியது, மணம் திரும்பவில்லை. ஒருநாள் காலையில் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்த கணவர் அவளைத் தள்ளிவிட்டு அடுப்பை அணைத்தார்.

"பால் கருகி வீடே நாறுது. பக்கத்துல நின்னுக்கிட்டு என்ன பண்ற?"

"ஏதோ யோசனைல இருந்துட்டேன்."

அது முதல் பொய். அதற்குப் பிறகு பொய் சொல்லவே தேவையிருக்கவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதுமாக இருந்தது. உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு இவை மட்டும் நாக்குக்குத் தெரிந்தன. மற்ற எல்லாம் மூக்கின் உபயம் என்பது அது போன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கம்பெனியில் பக்கத்து மேசைக்காரி முகர்ந்து முடிக்கும்வரை காத்திருப்பாள். அவள் முகம் சுளிக்கவில்லையென்றால் இவள் கையெழுத்துப் போடுவாள். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து மேசைக்காரி லீவு. மூக்கம்மா நிறத்தைப் பார்த்தாள், உடையும் சத்தத்தைக் கேட்டாள், கையெழுத்துப் போட்டாள். மாலையில் வெளியே வரும்போது, லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர் கூப்பிட்டார்.

"இன்னிக்குச் சரக்கு லேசா பழைய எண்ணெய் வாடை அடிக்கிற மாதிரி இல்ல?" என்றவர், அவள் பதில் சொல்வதற்குள் தானே சிரித்தார். "நீங்க பாத்தாச்சுல்ல. அப்ப என் மூக்குதான் சரியில்ல."

சனிக்கிழமை முழுவதும் அவள் ஒரு இடத்தில் உட்காரவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். கம்பெனியில் தரத்துக்குப் பொறுப்பான லேப் அதிகாரியின் நம்பரை மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை, ஊர் உணவுத் திருவிழாவுக்குப் போகலாமா என்று கணவர் கேட்டதும், வீட்டைவிட்டு வெளியே போனால் போதும் என்று கிளம்பிவிட்டாள்.

திருவிழாவை நடத்துகிற குழுவுக்குச் செயலாளர் அவளுடைய நாத்தனார்தான். நகராட்சி நூலகத்தில் வேலை பார்ப்பவள். எடுத்த காரியத்தில் தலையைக் கொடுத்துவிடுவாள், கூட இருப்பவர்கள் தலையையும் சேர்த்து. பள்ளி மைதானத்தில் நாற்பது கடைகள், நடுவில் மேடை, மேடையைச் சுற்றி ஆளுயர ஸ்பீக்கர்கள். உள்ளே வருவதற்கு ஒரே வாசல். வெளியே போவதற்கும் அதேதான். முண்டியடித்து உள்ளே நுழையவே அரை மணி நேரம் ஆனது.

கணவருக்குக் கண் நிறைந்துபோனது. "எங்க ஆரம்பிக்கலாம்?" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். மீன் வறுவல் கடைப் பக்கம் அவர் திரும்பிய நேரத்தில் நாத்தனார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"அண்ணி! நல்லவேளை வந்தீங்க. நடுவரா வரவேண்டிய சமையல் மாஸ்டர் வாசல்கிட்ட காரோட மாட்டிக்கிட்டார். ஒரு மணி நேரமா நகரல. பன்னெண்டு கடை போட்டியில இருக்கு. நீங்கதான் காப்பாத்தணும்."

"ஐயோ, நானா? என்னால முடியாது."

"இவளை விட்டா இந்த ஊர்ல வேற யார் இருக்கா?" என்றார் கணவர், பெருமை பொங்க. அவள் அவரை முறைத்ததை அவர் கவனிக்கவில்லை. அதற்குள் நாத்தனார் அவள் புடவையில் 'நடுவர்' பேட்ஜைக் குத்திவிட்டு, ஒரு தாளைக் கையில் திணித்துவிட்டுப் போயேவிட்டாள்.

தாளில் மூன்று கட்டங்கள் இருந்தன: மணம், ருசி, தோற்றம்.

முதல் கடையில் கேக். இனித்தது. அவ்வளவுதான். ஏழு, ஏழு, ஏழு என்று போட்டாள். இரண்டாவதில் கிழங்கு வறுவல். மொறுமொறுவென்றிருந்தது, உப்பு சரி. ஏழு, ஏழு, ஏழு. மூன்றாவது கடைக்காரர் அவள் மெல்வதையே பார்த்துக்கொண்டு கைகட்டி நின்றார். பார்வையைத் தாங்க முடியாமல் மூக்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிய பிறகுதான் திருவிழா அவள் கண்ணில் பட்டது. ருசித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? ஒருவர் இடுப்பில் குழந்தையையும் கையில் தட்டையும் வைத்துக்கொண்டு, ஸ்பூனைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாமல் தவித்தார். உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. மேடைக்கு முன்னால் இருந்த நாற்காலிகளில் 'முக்கிய விருந்தினர்' என்று அட்டை தொங்கியது, ஒன்றிலும் ஆள் இல்லை. கை கழுவும் குழாய் மைதானத்தின் கடைசி மூலையில் இருந்ததால் பந்தல் துணியெல்லாம் விரல் தடம். ஸ்பீக்கருக்குப் பக்கத்துக் கடையில் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஊமை பாஷை பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கடையிலும் ஒரு வேளைச் சாப்பாடு அளவுக்குத் தட்டு நிரம்பி வழிந்தது. இரண்டு கடையிலேயே ஜனங்களுக்கு வயிறு முட்டிவிட்டது, மிச்சக் கடைக்காரர்களில் பாதிப் பேர் ஈ ஓட்டினார்கள்.

அவள் கை தானாகத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தது. சின்னத் தட்டு வேண்டும். நாலு மூலையிலும் குழாய் வேண்டும். இன்னொரு வாசல் வேண்டும். நடந்துகொண்டே எழுதினாள். நின்றால் வெள்ளிக்கிழமை லாரி ஞாபகத்துக்கு வந்தது.

ஏழாவது கடை சூப். நடத்தியவள் ஒரு தையல்காரப் பெண். பக்கத்தில் அகப்பையோடு அவள் புருஷன். பேட்ஜைப் பார்த்ததும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, மார்க் கிடக்கட்டும். ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லுங்க. அடிப்பிடிச்சிருச்சுன்னு இவர் சொல்றார். இல்லைங்கறேன் நான். காலைல இருந்து மோந்து மோந்து எனக்கு மூக்கே மரத்துப் போச்சு. தீஞ்ச வாடை வருதா? நீங்க சொன்னா கொட்டிட்டு வேற வைக்கிறேன்."

மூக்கம்மா பாத்திரத்தின்மேல் குனிந்தாள். ஆவி முகத்தில் சூடாக அடித்தது. மூக்குக்கண்ணாடி மங்கியது. அதைத் தவிர ஒன்றுமில்லை. 'வரலைம்மா' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அந்தப் பெண் நம்புவாள், லாரிக்காரர் நம்பியதுபோல.

"எனக்குத் தெரியலம்மா."

"லேசாத்தான் வருதா?"

"இல்ல. எனக்கு எந்த வாடையும் தெரியாது. மூணு மாசமா."

அந்தப் பெண் முதலில் சிரித்தாள். இவள் சிரிக்காததைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள். "பின்ன எதுக்கு இந்த பேட்ஜு?"

"அதான் எனக்கும் புரியல" என்று சொன்ன மூக்கம்மா, ஊக்கைக் கழற்றும்போது விரலில் குத்திக்கொண்டாள். வரிசையில் நின்ற ஒருவரைப் பிடித்து, "நீங்க கொஞ்சம் மோந்து பாருங்க" என்று கேட்டுக்கொண்டு நேராக மேடைக்கு நடந்தாள்.

நாத்தனார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, எல்லாருக்கும் ஏழா?" என்றாள். மூக்கம்மா சொன்னாள். இரண்டே வாக்கியம். சொல்லி முடித்த பிறகுதான், மீன் தட்டோடு கணவர் பின்னால் நிற்பது தெரிந்தது.

"அன்னிக்குப் பால் தீஞ்சது..."

"ஆமா."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உங்ககிட்ட சொல்லிட்டா அது நிஜமாயிடும்னு இருந்துச்சு."

அவர் தட்டைக் கீழே வைக்க இடம் தேடினார். இடம் இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

நாத்தனாருக்கு அழுகை ஒருபக்கம், கோபம் ஒருபக்கம். பரிசளிப்புக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. தாளைத் திருப்பியவள் பின்பக்கத்தைப் படித்தாள். பதினாலு குறைகள். முகம் கறுத்தது.

"ராப்பகலா உழைச்சிருக்கோம் அண்ணி. ருசி தெரியலன்னு வந்தீங்க, இதெல்லாம் மட்டும் நல்லாத் தெரிஞ்சுதா?" தாளை நாலாக மடித்துக் கைப்பையில் செருகினாள். அந்த நேரம் பார்த்து சமையல் மாஸ்டர், காரை நடுரோட்டில் போட்டுவிட்டு, மூச்சிரைக்க நடந்தே வந்து சேர்ந்தார். பன்னிரண்டு கடையையும் பதினைந்து நிமிடத்தில் விழுங்கினார்.

யாருக்குப் பரிசு என்று கேட்க மூக்கம்மா அங்கே இல்லை. ஜெனரேட்டருக்குப் பின்னால் நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு லேப் அதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "சார், வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்ட லாட்டைக் கடைக்கு அனுப்பாதீங்க. நான் சரியாப் பாக்கல. என்னால பாக்க முடியாது சார்." அவர் லாட் நம்பரை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "காலைல நேரா என் ரூமுக்கு வாங்க" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அந்த லாட்டின் மாதிரியை மூன்று பேர் முகர்ந்து பார்த்தார்கள். மூன்று பேரும் மூக்கைச் சுருக்கினார்கள். எண்ணெய் கெட்டிருந்தது. லாரி கடைகளுக்குப் போகாமல் கிடங்கோடு நின்றிருந்ததால் சரக்கு திரும்பி வந்தது. வேலை போகவில்லை; விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்து, எடை பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் அவளை மூக்கம்மா என்று கூப்பிடவில்லை. மரியாதைக்காக விட்டுவிட்டார்கள். அந்த மரியாதைதான் அவளைப் பிடுங்கித் தின்றது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பழையபடியே கூப்பிடுங்க, வாய் தேஞ்சா போயிடும்?" என்று அவளே சொன்னாள்.

டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. காலையும் மாலையும் எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, தைலம் என்று நாலு குப்பிகளை முகர்ந்து பழகச் சொன்னார். கணவர் எதிரில் உட்கார்ந்து, தப்பாகச் சொன்னால் திருத்தினார். ஐந்தாவது மாதம் காபி மணத்தது. ஆனால் ரப்பர் எரிவதுபோல. அவள் குமட்டிக்கொண்டே சிரித்தாள். இன்னும் அப்படித்தான் இருக்கிறது. சிலது வருகிறது, சிலது வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது.

திருவிழா முடிந்து நாத்தனார் மூன்று வாரம் பேசவில்லை. நாலாவது வாரம் கசங்கிய தாளோடு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, "உங்க கையெழுத்து எனக்குப் புரியல. மொதல் வரி என்ன, 'தட்டு'ன்னா எழுதியிருக்கீங்க?" என்றாள். காபி குடித்துவிட்டு, இரண்டு பேரும் மைதானத்தைப் படமாக வரைந்தார்கள்.

அடுத்த வருடம் சின்னத் தட்டுகள் வந்தன. பெஞ்சுகள் வந்தன, குழாய்கள் வந்தன, பின்பக்கச் சுவரில் இரண்டாவது வாசல் வந்தது. ஸ்பீக்கர் மட்டும் அசையவில்லை. குழுத் தலைவரின் மச்சான் கொடுத்தது அது. குழுவில் மூக்கம்மாவையும் சேர்த்து, கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஒரு வாய் சாப்பிடலாம் என்று அவள் பெஞ்சில் உட்கார்ந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு பஸ் நிறையப் பக்கத்து ஊர் ஜனம் பின்வாசலில் வந்து இறங்கியது. தட்டைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடினாள்.